52 கிலோ எஞ்சினும் அப்பாவின் இரண்டு சட்டங்களும்

எங்களூர்ச் சந்தைக்குப் பக்கத்தில் வெங்காய மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு ஒன்று இருக்கிறது. போன பங்குனியில் ஒரு மத்தியானம் படகு எஞ்சினைக் கொண்டுபோய் அதில் கிடத்தினேன். 52 கிலோ காட்டியது. இறக்கி, தராசில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகைத் தட்டிவிட்டு மறுபடி ஏற்றினேன். அதே 52. சாப்பிட்டுவிட்டு வந்த கடைக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "மாஸ்ரர், கிலோ என்ன விலைக்குப் போடுறியள்?" என்று கேட்டார்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். விசையின் திருப்பம் என்று ஒரு பாடம் உண்டு. சீசோவின் ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் பிள்ளை. அப்பா நடுவுக்குக் கிட்ட நகர்ந்து இருந்தால் பலகை சமப்படும். பதினெட்டு வருடமாக இந்தப் படத்தைக் கரும்பலகையில் கீறி வருகிறேன். கடற்கரையில் அதே படம் என் கண்முன்னால் மிதந்தபோது எனக்கு அது தெரியவில்லை. எஞ்சினைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

படகைப் பற்றிச் சொல்லவேண்டும். பதினேழரை அடி பைபர் படகு. காரைநகரில் 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியோடு தொடங்கிய சீநோர் படகுத் தொழிற்சாலையில் வார்த்தது என்று அப்பா சொல்லுவார். அப்பா அதை வேறொருவர் பாவித்த படகாகத்தான் வாங்கினார், ஆகவே அவர் சொன்னதற்கு மேல் என்னிடம் சாட்சி இல்லை. அதில் 8 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சின் பூட்டியிருந்தார். போர்க்காலத்தில் வடக்கில் எஞ்சின் குதிரைவலுவுக்குக் கட்டுப்பாடு இருந்தது. அது போன பிறகும் அவர் பெரிய எஞ்சினுக்கு மாறவில்லை. பெற்றோலில் இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வகை. காலை நாலரைக்கு அந்தப் புகை வாசம் வீட்டுக்குள் வரும். எனக்கு அதுதான் மணிக்கூடு.

அப்பா போனபின் படகு ஒன்பது வருடம் பூவரச மரத்துக்குக் கீழே கவிழ்ந்து கிடந்தது. கோழி முட்டையிட்டது. எஞ்சினை யாரோ கேட்டார்கள், அம்மா கொடுத்துவிட்டார். படகைக் கேட்டவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. நான் அதைத் திருத்த முடிவெடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. விடுமுறையில் நண்டுவலை விடலாம், கொஞ்சம் காசும் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

திருத்திய கதையை நீட்டப்போவதில்லை. பழைய பைபரை உரஞ்சுகிறபோது பறக்கிற தூசி ஒரு கிழமைக்குத் தோலை விட்டுப் போகாது, அதை மட்டும் சொல்லிவைக்கிறேன். ஆனால் பின்பலகையைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. எஞ்சினைக் கொளுவுகிற அந்தப் பலகைக்கு வெளியே பைபர், உள்ளே மரம். சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். ஓரங்களில் 'டக் டக்' என்றது; நடுவில் எஞ்சின் இறுக்குகிற இடத்தில் 'பொத்' என்றது. வெட்டித் திறந்தால் உள்ளே மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வடிகட்டின தேயிலைச் சக்கை மாதிரி கறுப்பாக, ஈரமாக, கையால் அள்ளி எடுத்தேன். எஞ்சின் ஆணி போன துளை வழியாகப் பல வருடமாக உப்புத்தண்ணீர் இறங்கியிருக்கிறது.

அந்தப் பயத்தில்தான் பிழை விட்டேன் என்று இப்போது தெரிகிறது. இருந்த தடிப்பைவிட 12 மில்லிமீற்றர் கூட்டி மரீன் பிளைவுட் ஒட்டினேன். அதன்மேல் மாற் என்கிற கண்ணாடிநார் விரிப்பை விரித்து, அதை இறுக வைக்கிற றேசின் பசை பூசினேன். பின்பலகையோடு நிற்கவில்லை, பின்பக்கத் தளம், இரண்டு பக்கச் சுவர் எல்லாவற்றுக்கும் நாலு படை போட்டேன். பலமாக இருக்கட்டும் என்று. அப்பாவின் படகு இல்லையா.

அடுத்தது எஞ்சின். 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே அடியாக 340 ரூபாய்க்குப் போனது யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளருக்கு மறக்காது. அதற்கு முந்திய மாதங்களில் காசு கொடுத்தும் கிடைக்கவில்லை. அதைப் பார்த்திருந்ததால், குறைவாகக் குடிக்கிற எஞ்சின்தான் வேண்டும் என்று பெற்றோலில் ஓடுகிற ஃபோர் ஸ்ரோக் 15 குதிரைவலு ஒன்றைப் பாவித்ததாக வாங்கினேன். வாங்கின நேரத்தில் பாரத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. வால்வு, கேம் தண்டு, அடியில் எண்ணெய்த் தொட்டி என்று டூ ஸ்ரோக்கில் இல்லாத சாமான்கள் இதில் இருக்கின்றன. 15 குதிரைவலு டூ ஸ்ரோக் ஏறத்தாழ 36 கிலோ. அதே வலுவில் ஃபோர் ஸ்ரோக் 50 கிலோவைச் சுற்றி வரும். அப்பாவின் 8 குதிரைவலு 27 கிலோ அளவில் இருந்திருக்கும். அவர் அதைத் தோளில் வைத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்துபோவார். இதைத் தூக்க எனக்கு ஓர் ஆள் வேண்டும்.

வெள்ளோட்டத்துக்கு நல்ல கூட்டம். படகைத் தண்ணீரில் இறக்கி எஞ்சினைக் கொளுவியதும் பின்பக்கம் குந்தியது. நாய் குந்துகிற மாதிரி. நான் ஏறிப் பின்னால் இருந்ததும் இன்னும் தாண்டது. பெற்றோல் கானை வழக்கம்போல எஞ்சினுக்குக் கிட்ட, என் காலடியில் வைத்திருந்தேன். குழாய் கட்டையாக இருந்தது, அங்கேதான் வைக்கலாம்.

கரையை விட்டு விலகி, கோவளம் வெளிச்சவீட்டுப் பக்கம் திருப்பி, வேகம் கூட்ட எஞ்சின் பிடியை முறுக்கினேன். அணியம், அதாவது படகின் முன்பக்கம், எழும்பியது. எழும்பிக்கொண்டே போனது. கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும் என்று இன்னும் முறுக்கினேன். சத்தம்தான் கூடியது, வேகம் கூடவில்லை. முன்னால் கடலே தெரியவில்லை, வானம்தான். எதிரே வந்த வள்ளத்தை நான் காணவில்லை; அதில் இருந்தவர் என் குடும்பத்தைச் சேர்த்துச் சொன்ன வார்த்தைகளைத்தான் கேட்டேன். திடுக்கிட்டு முறுக்கை முழுதாக விட்டேன். படகு நின்றது. ஆனால் அது பின்னால் இழுத்து வந்த அலை நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கிறேன், என்னுடைய அலையே என்னைத் துரத்தி வந்து, தாண்டுபோயிருந்த பின்பலகையின் மேலால் ஏறி, மடியில் விழுந்தது. இரண்டு வாளித் தண்ணீர் இருக்கும். எஞ்சின் இருமியது, நிற்கவில்லை, அந்த மட்டில் புண்ணியம்.

அன்று பின்னேரம் முதல் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். அணியத்தில் இரண்டு மணல்மூட்டை போடு. முன்னால் ஒரு பெடியனை இருத்து. எஞ்சினை வித்துப்போட்டு டூ ஸ்ரோக் எடு. எனக்கும் கடைசி யோசனைதான் பிடித்திருந்தது. அதனால்தான் வெங்காயத் தராசு. எஞ்சினைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு ஓர் எண் தேவைப்பட்டது.

எண் கிடைத்ததும் வேறொரு சோதனையும் செய்தேன். காற்று விழுந்த காலை நேரத்தில், முழங்காலளவு தண்ணீரில், வெறும் படகின் நீர்க்கோட்டைப் பின்மூலையில் சோக்கட்டியால் அடையாளமிட்டேன். பிறகு எஞ்சினை படகின் நடுவில் சாக்குமேல் கிடத்திப் பார்த்தேன். கோடு ஒரு சென்ரிமீற்றர்கூட இறங்கவில்லை. அதே எஞ்சினைத் தூக்கிப் பின்பலகையில் கொளுவினேன். நாலு சென்ரிமீற்றர் இறங்கியது. இரண்டு இடத்திலும் 52 கிலோதான். சீசோப் படம் ஞாபகத்துக்கு வந்தது அப்போதுதான். வெட்கமாக இருந்தது, பக்கத்தில் என்னுடைய மாணவன் ஒருவன் வேறு படகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்தக் கிழமை மாமா வந்தார். இரத்த உறவில்லை. அப்பாவோடு பதினொரு வருடம் இதே படகில் முன்னால் நின்று வலை இழுத்தவர். இப்போது கண் கொஞ்சம் மங்கல். எஞ்சினை அவர் பார்க்கக்கூட இல்லை. படகுக்குள் ஏறி, குனிந்து, நடுவுக்குச் சற்று முன்னால் தளத்தைக் கையால் தடவினார்.

"மோனை, இஞ்சை கிடந்த சட்டம் ரெண்டும் எங்கை?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது, ஆனால் விளங்காத மாதிரி, "எந்தச் சட்டம் மாமா?" என்றேன்.

தளத்தில் குறுக்காக இரண்டு மரச்சட்டங்கள் இருந்தன. ஒன்றரைச் சாண் நீளம், ஒன்றுக்கொன்று ஒரு முழ இடைவெளி. எண்ணெய் ஊறிக் கறுத்துப்போயிருந்தன. உடைந்த இருக்கை ஒன்றின் மிச்சம் என்று நினைத்து உளியால் பெயர்த்து எடுத்தேன். ஆணித்துளைகளை றேசினால் அடைத்து, மேலே ஜெல்கோற் என்கிற மினுக்குப் பூச்சுப் பூசி, கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தேன். சட்டங்கள் அம்மாவின் அடுப்புக்குள் போயின. எண்ணெய்ப் பிடிப்பில் நன்றாக எரிந்தன என்று அம்மா சொன்னது ஞாபகம்.

"உதுக்கு நடுவிலைதான் கான் இருக்கிறது," என்றார் மாமா. "கொப்பர் ஆற்றை சொல்லும் கேளார். கானை மட்டும் ஒருநாளும் பின்னுக்கு வைக்க விடார். நான் ஒருக்கா மறந்துபோய் வைச்சு வாங்கிக் கட்டினனான்."

அன்றிரவு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். முதலில் படகு எந்த இடத்தில் சரிகிறது என்று தெரியவேண்டும். ஓர் ஆள் நின்றால் முன்னும் பின்னும் ஒரே அளவாகத் தாழ்கிற இடம் எது என்று காலையில் நடந்து பார்த்திருந்தேன். பின்பக்கம் அகன்ற படகு என்பதால் அது நீளத்தின் சரிநடுவில் இல்லை, கொஞ்சம் பின்னால், பின்பலகையிலிருந்து 2.4 மீற்றரில் வந்தது. எஞ்சினின் பாரமோ பின்பலகையில்கூட இல்லை. அதற்கு வெளியே ஒரு சாண் தள்ளித் தொங்குகிறது. ஆக 2.6 மீற்றர். 52 ஐ 2.6 ஆல் பெருக்கினால் 135. அப்பாவின் எஞ்சின் 27 தரம் 2.6, அதாவது 70. அலகு கிலோவும் மீற்றரும் பெருக்கி வருவது. பிள்ளைகள் அதைக் கிலோமீற்றர் என்று எழுதிவைத்து எனக்கு வருடா வருடம் தலையிடி தருவார்கள். வித்தியாசம் 65.

இப்போது கான். 25 லீற்றர் பெற்றோல் 18 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, கானோடு சேர்த்து 22 என்று வையுங்கள். அது என் காலடியில், சரிகிற இடத்துக்கு 2 மீற்றர் பின்னால் இருந்தது. அப்பாவின் சட்டம் இருந்த இடம் அரை மீற்றர் முன்னால். கானை அங்கே கொண்டுபோனால் இரண்டரை மீற்றர் நகர்கிறது. 22 தரம் 2.5, 55. புது எஞ்சின் கூட்டிய 65 இல் 55 ஐ ஒரு கானை நகர்த்தியே கழித்துவிடலாம். எஞ்சினை விற்கவேண்டாம். மணல்மூட்டை வேண்டாம்.

மணல்மூட்டை எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்றால், அது படகைச் சமப்படுத்துவது உண்மைதான், ஆனால் முழுப்படகையும் தாழ்த்தியும் விடும். போதாததற்கு, அலையில் ஒரு மூட்டை ஒருபக்கம் சறுக்கினால் கதை வேறு. ஏற்கெனவே ஏற்றத்தான் வேண்டிய சாமானை இடம் மாற்றுவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கொப்பியில் அடுத்த வரி எழுதக் கை வரவில்லை. எஞ்சினைக் கணக்கில் எழுதினவன் றேசினை எழுதவேண்டாமா? 450 கிராம் மாற் ஒரு சதுர மீற்றர் விரித்தால் அது குடிக்கிற றேசின் தன் பாரத்தில் இரண்டு மடங்குக்கு மேல். ஒரு படைக்கு 1.4 கிலோ என்று வரும். பின்பக்கத்தில் மூன்று சதுர மீற்றருக்கு நாலு படை போட்டிருக்கிறேன். 17 கிலோ. கூட்டி ஒட்டிய பிளைவுட் 5 கிலோ. பாசத்தோடு நான் பின்பக்கத்தில் பூசிய பாரம் மட்டும் 22 கிலோ, ஒரு கான் பெற்றோல் அளவு. கானையாவது தூக்கி நகர்த்தலாம்.

பின் இருக்கைப் பெட்டிக்குள் மிதப்புக்காக அடைத்திருந்த பழைய நுரைப்பஞ்சும் ஞாபகம் வந்தது. மூடியைத் தொட்டால் காய்ந்திருக்கிறது என்று நான் பெட்டியைத் திறக்காமலே மேலால் பூசியிருந்தேன். மறுநாள் அடிப்பக்கம் ஒரு துளை போட்டேன். தண்ணீர் சொட்டவில்லை, ஒழுகியது. மூடியை வெட்டி எல்லாவற்றையும் தோண்டி எடுத்து அதே வெங்காயத் தராசில் வைத்தேன். 14 கிலோ. காய்ந்த பஞ்சாக இருந்தால் ஒரு கிலோவைத் தாண்டியிருக்காது. மிதக்க வைக்கிறதுக்குப் போட்டது பல வருடமாகத் தண்ணீரைக் குடித்து நங்கூரமாகியிருந்தது. அந்த இடத்தில் மூடி இறுக்கின வெறும் பிளாஸ்ரிக் கான்களை அடைத்தேன். கடைக்காரர் இந்த முறை விலை கேட்கவில்லை. பழகிவிட்டது.

புதுச் சட்டம் இரண்டும் வேப்பமரத்தில் செய்தேன். பழைய துளைகள் எங்கே இருந்தன என்று என் ஜெல்கோற்றுக்கு மேலே தெரியவில்லை. மாமாதான் விரலை வைத்துக் காட்டினார். மூன்று மீற்றர் பெற்றோல் குழாய் வாங்கி, காலில் தட்டுப்படாமல் பக்கச் சுவரோடு ஓடவிட்டேன். எஞ்சினின் சாய்வு ஊசியை ஒரு துளை உள்ளே மாற்றினேன். அதை உள்ளே எடுத்தால் காற்றாடி தள்ளுகிற தண்ணீர் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கும், அணியம் இறங்கும். ஆனால் அது ஓடும்போது மட்டும் உதவுகிற மருந்து. எஞ்சினை நிறுத்திவிட்டு வலை இழுக்கிற நேரம் ஊசியால் ஒரு பலனும் இல்லை. எங்களூரில் ஓடுகிற நேரத்தைவிட நின்று வலை இழுக்கிற நேரம்தான் கூட.

முன்னுக்குத் தள்ளுவதிலும் ஓர் எல்லை இருக்கிறது. கணக்கு நன்றாக வருகிறதே என்று நங்கூரம், கயிறு, ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் அணியத்துக்குக் கொண்டுபோனேன். போகும்போது சொர்க்கம். வலை இழுத்து, நனைந்த வலையும் நண்டும் முன்னால் குவிந்தபின் திரும்பினோம். காற்று முதுகுப்பக்கம். ஒவ்வோர் அலையும் பின்னால் வந்து தூக்கும்போது அணியம் முன்னலைக்குள் குத்தியது; பின்பக்கம் ஒருபக்கமாகச் சுழன்று வரப் பார்த்தது. முன்னால் இருந்த மாணவன், அதே பெடியன்தான், திரும்பி என் முகத்தைப் பார்த்தான். ஐஸ் பெட்டியை நடுவுக்கு இழுக்கச் சொன்னேன். ஈரவலை ஏறப்போகிற பாரத்தை வெறும்படகிலேயே கணக்கில் வைத்திருக்கவேண்டும். காலையில் சமமாக இருக்கிற படகு மத்தியானம் மூக்குக் குத்தும். காலையில் கொஞ்சம் குந்தியிருந்தால் நல்லது. எவ்வளவு கொஞ்சம் என்பதற்கு என் கொப்பியில் விடை இல்லை, மாமாவிடம் இருந்தது. ரெண்டு விரல் என்றார்.

இவ்வளவும் செய்தபின் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். முறுக்கினேன். அணியம் எழும்பி, கொஞ்சம் யோசித்து, இறங்கியது. வெளிச்சவீடு அடிமுதல் தெரிந்தது. முறுக்கைச் சட்டென்று விட்டுப் பார்த்தேன். அலை வந்தது, பின்பலகையில் ஒருமுறை தட்டிவிட்டுப் போனது, உள்ளே ஏறவில்லை. நான் சிரித்துக்கொண்டு மாமாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பின்மூலையை எட்டிப் பார்த்து விரலால் அளந்தார்.

"இன்னும் குந்துது."

"சட்டம் அதே இடத்திலைதானே மாமா போட்டனாங்கள்?"

"சட்டம் சரி. கொப்பர் மெலிஞ்ச ஆள்."

வீட்டுக்கு வந்து அப்பாவின் கிளினிக் அட்டையைத் தேடி எடுத்தேன். 58 கிலோ. எல்லாச் சாமானையும் நிறுத்த தராசில் நான் ஒருநாளும் ஏறவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து எண்ணைச் சத்தமாக வாசித்தார். 86.

28 கிலோ வித்தியாசம். எஞ்சின்காரன் இருக்கிற இடம் 1.9 மீற்றர் பின்னால். 53. கானை நகர்த்தி நான் மிச்சம் பிடித்ததைக் கிட்டத்தட்ட முழுவதும் நானே ஏறி இருந்து தின்றிருக்கிறேன்.

மெலிவது நல்ல யோசனை என்று அம்மா சொன்னார். நான் இரண்டடி பிவிசி குழாய் ஒன்றை எஞ்சின் கைபிடியில் செருகி, கிளிப் போட்டு இறுக்கினேன். இப்போது 60 சென்ரிமீற்றர் முன்னால் இருந்துகொண்டே ஓட்டலாம். 86 தரம் 0.6, 52. எஞ்சினை நிறுத்துகிற பாதுகாப்புக் கயிறு மட்டும் எட்டவில்லை, அதை நீளமானதாக மாற்றவேண்டி வந்தது. குழாய் கழன்றால் படகு தன்பாட்டுக்குச் சுற்றும், ஆகவே கிளிப்பை ஒவ்வொரு நாளும் பார்த்துவிட்டுத்தான் இறக்குகிறேன்.

போன சனிக்கிழமை மாமா மறுபடி வந்து பின்மூலையில் விரலை வைத்தார். ரெண்டு விரல். ஒன்றும் சொல்லாமல் நண்டில் பெரியதாகப் பார்த்து இரண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.